மூத்தார் பெயர்

நீலாவதி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மரகதம் பத்து நாள் பழகினாள். மண்டபம் முகாமில் அவள் தண்ணீருக்குப் போகும்போது புருஷன் பழனிசாமி பின்னாலேயே நடந்துவந்து மெதுவாக "நீலாவதி" என்பான். முதல் நான்கு நாள் அவள் கால் நிற்கவே இல்லை. பிறகு நின்றது. மகள் அன்னம் இருவரையும்விடச் சீக்கிரம் கற்றுக்கொண்டாள். ஐந்து வயதுக்காரிக்கு அது ஒரு விளையாட்டு. "எம் பேரு சுசீலா, அப்பா பேரு சண்முகம், அம்மா பேரு நீலாவதி" என்று அவள் ராகம் போட்டுச் சொல்லும்போதெல்லாம் மரகதம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நீலாவதியும் சுசீலாவும் இறந்துபோனவர்கள்.

பழனிசாமி இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். அவனுடைய சித்தப்பா மகன்தான் சண்முகம். இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. இந்தியாவுக்குப் போகலாம் என்று சண்முகத்தின் குடும்பத்துக்கு அட்டை வந்தது. பழனிசாமி மூன்று முறை மனுப் போட்டான், மூன்றும் திரும்பி வந்தன. இந்த நாட்டு ஏட்டிலும் அவன் பெயர் இல்லை, அந்த நாட்டு ஏட்டிலும் இல்லை. சண்முகத்துக்குக் கப்பல் ஏற நாள் குறித்த பிறகு அவன் மனைவி காய்ச்சலில் போனாள். பதினோராம் நாள் மகளும் போனாள். அதற்கு மறுநாள் அவன் பழனிசாமியின் கையில் அட்டையை வைத்தான்.

"மூணு பேருக்கு எழுதியிருக்கு, அண்ணே. நீங்க மூணு பேரு இருக்கீங்க. எனக்கு இங்கன ரெண்டு குழி இருக்கு. நா எங்க போறது?"

அப்படி வந்தார்கள். மண்டபத்திலிருந்து வேலைக்கு ஆள் எடுத்தபோது அந்தமானில் மாயாபந்தருக்கு எழுதிக்கொடுத்தார்கள். தூரமான இடம், தெரிந்தவர்கள் வரமாட்டார்கள் என்று பழனிசாமி நினைத்தான். மரக்கிடங்கில் வேலை. காலையில் பெயர் கூப்பிடும்போது "சண்முகம்" என்றதும் எல்லாரையும் போல அவனும் "ஹாஜிர்" என்று இந்தியில் சொல்லுவான். கிடங்கை ஒட்டித் தகரக்கூரை போட்ட வரிசை வீடுகள். இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து வந்த பதினான்கு குடும்பம் அங்கே இருந்தது. அவர்கள் அதை லயம் என்றே சொன்னார்கள்.

இரண்டு வருடம் ஆகியும் பயம் குறையவில்லை. பிடித்தால் பழனிசாமிக்குச் சிறை, அவளையும் பிள்ளையையும் கப்பலேற்றி விடுவார்கள். எந்த ஊருக்கு என்பதுதான் மரகதத்துக்குத் தெரியவில்லை. ஓடிப்போகலாம் என்றால் அது தீவு. பின்னால் காடு, முன்னால் கடல். யாராவது செருப்புப் போட்டுக்கொண்டு லயத்துப் பக்கம் வந்தால் அவள் அடுப்பிலிருப்பதை இறக்கி வைத்துவிடுவாள், கைது செய்ய வந்தவர்கள் சோறு வேகும்வரை காத்திருக்க மாட்டார்கள் என்று.

மேட்டுக் குவார்ட்டர்சில் கிருஷ்ணமூர்த்தி என்ற கிளார்க் இருந்தார். அவர் மனைவி இந்திராணி திருச்சிப் பக்கத்துக்காரி. கிடங்குத் தமிழர்கள் தகரம் போட்டுக் கட்டிய முருகன் கோவிலுக்குக் கிருத்திகை தவறாமல் வருவாள். மரகதத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவாள். அந்த ஊரில் மரகதம் அக்கா என்று கூப்பிட்டது அவள் ஒருத்தியைத்தான். அதனாலேயே அவளிடம் அதிகம் பயந்தாள்.

ஒரு கிருத்திகைக்கு மறுநாள் காலை, குழாயடியில் இருவர் மட்டும் நின்றார்கள்.

"நீலா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதே" என்றாள் இந்திராணி. "உன் வீட்டுக்காரர் பேர் என்ன?"

"சண்முகம்."

"அடேயப்பா. பட்டுன்னு சொல்லிட்டியே!"

மரகதம் சிரிக்க முயன்றாள்.

"எனக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருஷம். ரேஷன் கார்டுக்கு அவர் ஆபீஸ்லயே எங்கிட்டக் கேட்டாங்க. சுவத்துல காலண்டர் தொங்கிச்சு, அதுல இருந்த கிருஷ்ணரைக் கையைக் காட்டினேன். ஆபீஸே சிரிச்சுது. உங்க லயத்துப் பொம்பளைங்க யாரும் சொல்லமாட்டாங்க. நீ மட்டும் உப்பு புளி மாதிரி சொல்றே."

"எனக்கு... பழகிருச்சிக்கா."

"அது சரி. நேத்து ஆறு படைவீட்டுப் பேரையும் சொல்லி அரோகரா போட்டோமே. எல்லா ஊருக்கும் உன் குரல் கணீர்னு கேட்டுது. பழனிக்கு மட்டும் வாயை மூடிண்டே. போன மாசமும் பார்த்தேன்."

மரகதத்துக்குக் காது அடைத்துக்கொண்டது. புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்று அவளுக்கு யாரும் கற்றுத்தந்ததில்லை. அம்மா சொல்லவில்லை, அத்தை சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. சண்முகம் என்பது புருஷன் பெயர் அல்ல. அதனால் நாக்கு அதற்குத் தடை போடவில்லை. பொய்ப் பெயரை எப்படிக் கேட்பது, எப்படிச் சொல்வது என்று இரண்டு வருடம் பழகியவர்கள், எப்படிச் சொல்லாமல் இருப்பது என்பதை மறந்துவிட்டார்கள்.

"நேரமாச்சிக்கா" என்று அவள் நடந்தாள். லயத்துக்கு வந்த பிறகுதான் கையில் குடம் இல்லை என்று தெரிந்தது.

மத்தியானம் சோற்றுக்கு வந்த பழனிசாமியிடம் சொன்னாள். அவன் பிசைந்த கையோடு அப்படியே இருந்தான்.

"கிளார்க்கு சம்சாரமா?"

"ஆமாங்க."

"அப்ப ராத்திரியே அவருக்குத் தெரிஞ்சிரும்." எழுந்து மூங்கில் தட்டியின் இடுக்கு வழியாக வெளியே பார்த்தான். "எங்கிட்டாவது போயிரலாமா புள்ள?"

"எங்கிட்டு?"

அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அன்னம் ஓடிவந்து அம்மாவின் சேலைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டாள்.

இந்திராணி நின்றாள். இடுப்பில் மரகதத்தின் குடம், விளிம்புவரை தண்ணீர். மேட்டிலிருந்து கூலி லயம்வரை கிளார்க்கின் மனைவி குடம் சுமந்து வந்ததை நாலு வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"குடத்தை மறந்துட்டு வந்தா ராத்திரி என்னத்தக் குடிப்பே?" என்று அவள் உரக்கச் சொன்னாள். உள்ளே வந்து குடத்தை இறக்கியதும் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு எதுவும் தெரியாது. நீயும் சொல்லாதே. நான் சொல்றதை மட்டும் கேட்டுக்கோ. வர்ற வியாழக்கிழமை போட்ல ஒரு ஆபீசர் வர்றார், ராஜமாணிக்கம்னு. மெட்ராஸ்காரர். உங்க அட்டை எல்லாத்தையும் சரிபார்க்கணுமாம். முதல்ல பொம்பளைங்ககிட்டத்தான் புருஷன் பேரைக் கேப்பாராம். தயங்கினா விட்டுடுவார். தயங்காம சொன்னா ஓரமா உக்காத்தி வெச்சு நோண்டுவாராம். போர்ட் பிளேர்ல ரெண்டு குடும்பம் அப்படித்தான் மாட்டிச்சாம். எங்க வீட்டுக்காரர் சாப்பிடறப்ப சொன்னார். எனக்குச் சோறு எறங்கலை."

மரகதம் அவள் காலில் விழப்போனாள். இந்திராணி தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா, ஐயாவுக்கு..."

"தெரியாது. தெரியவும் கூடாது. அவருக்குப் பொய் சொல்ல வராது. ஆபீஸ் பென்சிலைக் கொண்டாங்க, ஒரு கோலம் போட்டுப் பார்க்கறேன்னு கேட்டதுக்கு மூணு நாள் எனக்கு உபதேசம். யாராவது கேட்டா உள்ளதைச் சொல்லிடுவார். வியாழக்கிழமை அந்த மேஜையில அவரும் உக்காருவார்."

அன்று முதல் மரகதம் சண்முகம் என்ற பெயரைச் சொல்லாமல் இருக்கப் பழகினாள். பழனிசாமி கேட்பான்: "ஏம்மா, ஒம் புருஷன் பேரு என்னா?" அவள் தலையைக் குனிந்து மகளைக் காட்டுவாள். அவனுக்கு ஒருமுறை சிரிப்பு வந்தது, உடனே நின்றுவிட்டது.

வியாழக்கிழமை பள்ளிக்கூடக் கொட்டகையில் பதினான்கு குடும்பமும் வரிசையாக உட்கார்ந்தது. பெஞ்சின் மேல் ஒரு மேஜை விரிப்பு. அதற்குப் பின்னால் கண்ணாடி போட்ட ராஜமாணிக்கம், பக்கத்தில் பேரேட்டோடு கிருஷ்ணமூர்த்தி. வாசலில் பெயர் கூப்பிட ஒரு பியூன், வட நாட்டுக்காரன். ராஜமாணிக்கம் கத்தவில்லை, மிரட்டவில்லை. எல்லாரையும் அம்மா, ஐயா என்றுதான் பேசினார். மரகதம் மகளை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

முறை வந்தது. அட்டையில் இருந்த படத்தில் பூஞ்சை பூத்து முகங்கள் மங்கியிருந்தன. அந்தத் தீவில் எல்லார் படமும் அப்படித்தான் ஆகும். அவர் அதைச் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"உங்க வீட்டுக்காரர் பேர் என்னம்மா?"

அவள் தலையைக் குனிந்தாள். பழக்கிய தயக்கம் தேவைப்படவில்லை. அது தானாகவே வந்தது.

"பரவாயில்லை, சொல்லுங்க."

அவள் மகளின் தலையில் கை வைத்தாள். "சண்முகம்" என்றது குழந்தை.

ராஜமாணிக்கம் புன்னகை செய்தார். பழனிசாமியிடம் தோட்டத்தின் பெயர், கங்காணியின் பெயர், கப்பல் ஏறிய மாதம் எல்லாம் கேட்டார். அவன் தடுமாறாமல் சொன்னான். முத்திரையை மைப்பெட்டியில் வைத்து அழுத்தினார். இன்னும் ஒரு நொடி. அட்டையின் மேல் அது விழவேண்டியதுதான்.

"பழனிசாமி!"

வாசலில் பியூன் கூப்பிட்டான். லயத்தில் இன்னொரு பழனிசாமி இருந்தான், மூன்றாம் வீட்டுக்காரன். வெற்றிலை போட வெளியே போயிருந்தான். பியூனுக்குக் கோபம் வந்தது.

"பழனிசாமி! அரே பழனிசாமி! மர் கயா க்யா?"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். செத்துட்டானா என்று கேட்கிறான் என்பது தீவில் இரண்டு வருடம் இருந்த எல்லாருக்கும் புரியும். மரகதத்துக்கும் புரிந்தது. அவள் புருஷன் அசையவில்லை, கண்கூட இமைக்கவில்லை. அவ்வளவு பழகியிருந்தான். அவள் இதற்குப் பழகவில்லை. கை தானாகப் போய்த் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

ஒற்றிய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

முத்திரை அந்தரத்தில் நின்றது. ராஜமாணிக்கம் வாசலைப் பார்த்தார். பிறகு அவளுடைய கையைப் பார்த்தார். பிறகு பழனிசாமியைப் பார்த்தார்.

"ஏம்மா, யாரோ பழனிசாமியைக் கூப்பிட்டா நீங்க எதுக்குப் பதறணும்?"

கொட்டகையில் சிரிப்பு நின்றது. மரகதத்தின் கண்ணுக்கு மேஜை விரிப்பு மட்டும்தான் தெரிந்தது. அதன் ஓரத்தில் ஒரு நூல் பிரிந்து தொங்கியது. அன்னத்தின் விரல்கள் அவள் கையை நெரித்தன. இனி பொய் சொல்ல அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

"அது அவங்க மூத்தார் பேர் சார்."

சொன்னது கிருஷ்ணமூர்த்தி. பேரேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்.

"மூத்தாரா?"

"வீட்டுக்காரரோட அண்ணன். பெரியப்பா மகன் முறைன்னு நினைக்கிறேன். அந்தப் பேரையும் இவங்க சொல்லமாட்டாங்க சார். அதைச் சொல்லி செத்துட்டானான்னு இவன் கத்தினா, ஒரு சுமங்கலி பதறாம என்ன செய்வா? எங்க வீட்டுல ரேடியோவுல சாவுச் செய்தி வந்தாலே தாலியைத் தொட்டுப்பாங்க."

ராஜமாணிக்கம் அவரை ஒரு கணம் பார்த்தார். இருபது வருடம் ஒரு கறை இல்லாமல் வேலை பார்த்த கிளார்க் என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

"அப்படியாம்மா? மூத்தார் பேரா?"

மூத்தார் என்றால் தகப்பன் ஸ்தானம். தாலி கட்டியவன் பக்கத்தில் நிற்க, அவனை மூத்தார் என்று சொல்லவேண்டும். மரகதம் கண்ணை மூடினாள். மூடியதும் நீலாவதியின் முகம் வந்தது. நீலாவதி உயிரோடு இருந்தவரை பழனிசாமி எதிரே வந்தால் ஒதுங்கி நிற்பாள், அவன் பெயரைச் சொல்லமாட்டாள். சண்முகத்துக்கு அவன் அண்ணன் அல்லவா. நீலாவதிக்கு அவன் மூத்தார்தான்.

"ஆமாங்க, மூத்தாருங்க" என்றாள் நீலாவதியாக.

முத்திரை விழுந்தது.

வெளியே வந்து வேலி ஓரத்தில் பழனிசாமி உட்கார்ந்துவிட்டான். உள்ளே கிருஷ்ணமூர்த்தி அடுத்த குடும்பத்தின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். அவர் இவர்கள் பக்கம் திரும்பவே இல்லை.

வெள்ளிக்கிழமை இந்திராணி குழாயடிக்கு வரவில்லை. சனிக்கிழமை வந்தாள். முகம் வாடியிருந்தது.

"என்னக்கா?"

"வியாழக்கிழமையிலேர்ந்து அவர் சாப்பிடலை. மோரும் தண்ணியும்தான். உடம்புக்கு என்னன்னு கேட்டா, பொய் சொன்ன வாய்க்குச் சோறு எதுக்குங்கறார். சாமி படத்துக்கு முன்னாடி போய் உக்காந்துக்கறார். என்ன பொய், யாருக்காகன்னு நான் கேக்கலை. நீயும் சொல்லாதே." குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சோறு மரகதத்துக்கும் இறங்கவில்லை. அவர் சொன்னது பொய் அல்ல என்று உலகத்தில் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். அதை அவரிடம் சொன்னால் அவர் சாப்பிடுவார். ஆனால் அதைச் சொல்ல, எல்லாவற்றையும் சொல்லவேண்டும்.

"ஒனக்குப் பைத்தியமா?" என்றான் பழனிசாமி. "ஆபீசர் இன்னும் கெஸ்ட் ஹவுஸ்ல இருக்காரு. திங்கக்கெழமை போட்டுக்குத்தான் போறாரு. இவரு உள்ளதைச் சொல்ற மனுஷன். நம்ம வாயாலயே கேட்டுட்டா, போயிச் சொல்லாம இருப்பாரா? திங்கக்கெழமை வரைக்கும் பொறுத்துக்க."

"அதுக்குள்ள அஞ்சு நாளாயிருமே. நம்மளுக்காகத்தான பட்டினி கெடக்குறாரு."

"தப்பிச்சது போதாதா ஒனக்கு?"

பயந்தவர்கள் நல்லது செய்வதில்லை என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பயத்தோடு செய்கிற நல்லதை இறைவன் தனியாக எடுத்து வைத்துக்கொள்கிறான் என்றுதான் நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் மேட்டில் ஏறினாள். பழனிசாமி மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு இருபது அடி பின்னால் வந்தான். குவார்ட்டர்ஸ் எதிரே ஒரு மரத்தடியில் நின்றுகொண்டான். அங்கிருந்து பார்த்தால் கெஸ்ட் ஹவுசின் சிவப்புக் கூரை தெரிந்தது.

கிருஷ்ணமூர்த்தி முன்னறையில் ஈசிச்சேரில் இருந்தார். மூன்று நாளில் கன்னம் ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"என்னம்மா? ஆபீஸ் விஷயம்னா நாளைக்கு வாங்க."

"ஆபீசு விசயம் இல்லீங்கய்யா." வாசற்படிக்கு வெளியிலேயே நின்று கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க அன்னைக்குச் சொன்னது பொய் இல்லீங்க."

உள்ளேயிருந்து இந்திராணி வந்து அறைக்கதவருகே நின்றாள்.

"நீலாவதிங்கறது என் ஓரகத்தி. செத்துப்போச்சிங்க. அவ புருஷந்தான் சம்முகம், அங்கனயே இருக்காரு. அவருதான் அட்டையக் குடுத்தாரு. எங்க... எங்க வீட்டுக்காரரு அவருக்குப் பெரியப்பா மகன். அண்ணன் மொற. அந்த அட்டையில இருக்குற நீலாவதிக்கு, பியூன் கூப்பிட்ட பேருக்காரரு மூத்தாருதாங்க. நீங்க சொன்னது அப்பிடியே உள்ளதுங்க. பொய்யி எங்களோடதுங்கய்யா, ஒங்களது இல்ல. நீங்க சாப்பிடுங்க."

மரத்தடியில் பழனிசாமி மகளைத் தோளிலிருந்து இறக்கி முன்னால் நிறுத்திக்கொண்டான். கிருஷ்ணமூர்த்தி ஈசிச்சேரிலிருந்து எழுந்தார். ஜன்னல் பக்கம் போனார். அங்கிருந்தும் அந்தச் சிவப்புக் கூரை தெரியும். அவர் அதைத்தான் பார்க்கிறார் என்று மரகதத்துக்குத் தோன்றியது. சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு புறப்படப் போகிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள்.

"அம்மா" என்றார் அவர், திரும்பாமல். "மத்தது எதையும் நான் கேட்டுக்கலை. காதுல விழலை. ஒண்ணே ஒண்ணு. பெரியப்பா மகன்ங்கறது நிஜந்தானே?"

"முருகன்மேல சத்தியமுங்க."

"நான் வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன். அந்தக் குழந்தை உங்க கையைப் பிடிச்சிண்டிருந்தது. அதைப் பார்த்தேன், வாய் தானா சொல்லிடுச்சு." அவர் கைகளைக் கூப்பிச் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. பிறகு கேட்டார்: "இந்திராணி, சோறு இருக்கா?"

"இருக்கு, இருக்கு." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே ஓடினாள்.

"இவங்களுக்கும் சேர்த்துப் போடு. மரத்தடியில ஒருத்தர் நிக்கறார் பாரு. அவரையும் பாப்பாவையும் கூப்பிடு."

இந்திராணி வாசலுக்கு வந்தாள். கையை உயர்த்தியவள், எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஒரு கணம் நின்றாள். மரகதம் அவளைப் பார்த்தாள்.

"அண்ணா!" என்று இந்திராணி உரக்கக் கூப்பிட்டாள். "பாப்பாவைக் கூட்டிண்டு உள்ள வாங்க. இலை போட்டாச்சு."